ஒன்பதாவது எடைமேடை

ஜூலை 28

அப்பாவுக்குத் தையல் பிரித்தாயிற்று. ஆத்தூர் வேண்டாம், சேலத்திலேயே பக்கத்தில் இருக்கட்டும் என்றார் டாக்டர். அஸ்தம்பட்டி வீட்டு மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினார். அவர் தூங்கிய பிறகு சர்வரில் ஜென்கின்ஸை ஏற்றினேன். நிரலைத் தானாகவே கட்டி, சோதித்து, அனுப்பும் மென்பொருள்.

ஜூலை 29

27.6.

ஜூலை 30

நேற்று அந்த எண்ணுக்கு மேல் எழுத முடியவில்லை. மார்ச்சில் ஒரு நடுராத்திரி, ஒன்பது கிழங்கு மில்லின் எடைமேடைக் கம்ப்யூட்டர்களுக்குள்ளும் ஒவ்வொன்றாகப் போய், சீட்டு அடிக்கும் புது நிரலைக் கையால் காப்பி செய்தேன். எட்டு முடிந்தது. ஒன்பதாவதில் கரண்ட் இல்லை. காலையில் பார்க்கலாம் என்று படுத்தவள் மறந்தே போனேன். கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்ற அளவுதான் பாயிண்ட், விலை அதை வைத்துத்தான். பழைய நிரல் அதில் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிடும். 27.6 பாயிண்ட் வந்த குச்சிக்கிழங்கு சீட்டில் 27 ஆனது. பாயிண்ட்டுக்கு 400 ரூபாய் என்றால் டன்னுக்கு 240 போச்சு. எட்டு டன் லோடுக்கு 1,920. நாலு நாள் அப்படியே ஓடியிருக்கிறது. திருப்பிக் கொடுத்தாயிற்று என்றார் மில்காரர். எல்லாருக்குமா?

இப்போது பைப்லைனில், அதாவது ஜென்கின்ஸ் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் படிகளில், நான் எழுதிய முதல் டெஸ்ட்டே அதுதான். 27.6 உள்ளே போனால் 27.6-ஆகவே வர வேண்டும். இல்லையென்றால் பில்ட், அதாவது நிரலைக் கட்டும் வேலை, அங்கேயே நிற்க வேண்டும்.

ஆகஸ்ட் 1

2012-ல் இதே தேதி. நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். எட்டு சர்வரில் ஏழுக்குப் புது நிரல் போனது, ஒன்றுக்குப் போகவில்லை. கையால் ஏற்றியது, இன்னொருவர் சரிபார்க்கவும் இல்லை. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஏற்றியவர் யாரென்று தெரியாது. அவரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. அக்கா வீட்டில் எல்லோரும் மேட்டூர் போய்விட்டார்கள். அப்பாவும் நானும் மட்டும்.

"ராவெல்லாம் என்ன பாப்பா தட்டிக்கிட்டே இருக்கற?"

சொன்னேன். நிரலை மாற்றியதும் அதுவே கட்டும், அதுவே சோதிக்கும். முதலில் ஒரு ஒத்திகை மெஷினில் ஓடும். அங்கே ஓடிய அதே பொட்டலம்தான் ஒன்பது மில்லுக்கும் போகும், மில்லுக்கு மில் மறுபடி கட்டக் கூடாது என்றேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"செரி, அது கொறைச்சுப் போட்டா காட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

முப்பது வருஷம் கிழங்கு போட்டவர். எனக்குப் பதில் வரவில்லை.

ஆகஸ்ட் 5

டிஸ்க் நிரம்பி பில்ட் செத்தது. ஒவ்வொரு பில்டுக்கும் சேர்ந்த பழைய டாக்கர் இமேஜ்கள், அதாவது கட்டி வைத்த பழைய பொட்டலங்கள். கடைசி ஐந்தை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க ஏற்பாடு செய்தேன்.

ஆகஸ்ட் 6

பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் 5. அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 7

சீட்டில் இனி பாயிண்ட் புள்ளியோடு வரும். அதன் கீழே எடை, பாயிண்ட், ரேட் மூன்றையும் பெருக்கிய கணக்கு முழுசாக. அடியில் நிரலின் பதிப்பு எண். பேனாவை எடுத்து யாரும் போட்டுப் பார்க்கலாம். அப்பாவிடம் மாதிரிச் சீட்டைக் காட்டினேன். கண்ணாடி கேட்டார். பெருக்கிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 8

பழைய பதிப்புக்குத் திரும்புவது நிரலுக்குச் சுலபம், டேட்டாபேஸுக்கு இல்லை. அட்டவணையில் பழைய நெடுவரிசையை அழித்துவிட்டால் பழைய நிரல் வந்து எதைப் படிக்கும்? முதலில் புது நெடுவரிசையைச் சேர்ப்பது, இரண்டிலும் எழுதுவது, சில வாரம் கழித்துத்தான் பழையதை எடுப்பது. இதற்கு ஒரு நாள் முழுக்கப் போனது. சரியாகச் செலவான நாள்.

ஆகஸ்ட் 9

கடைசிப் படியும் தானாகவே ஓடட்டும் என்கிறார் ஆபீஸில் அண்ணன். நான் விடவில்லை. பொட்டலம் எந்நேரமும் தயாராக இருக்கட்டும், பொத்தானை ஒரு மனுஷி அழுத்தட்டும். லாரி வரிசை நிற்கிற நேரம் எதுவென்று ஜென்கின்ஸுக்குத் தெரியாது. குரலை உயர்த்திவிட்டேன். நாளைக்குப் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 11

அப்பாவுக்கு 101. எதுவும் ஓடவில்லை.

ஆகஸ்ட் 12

விடியற்காலையில் வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது. இட்லி கேட்டார். ரெண்டரை சாப்பிட்டார்! அண்ணன் ஃபோன் செய்து பொத்தானுக்குச் சரி என்றார்.

ஆகஸ்ட் 13

ஒவ்வொரு மெஷினும் தன் பதிப்பு எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்பதும் ஒரே எண்ணைச் சொன்னால்தான் பச்சை. ஏதாவதொன்று பழசாகவே எழுந்தால், புதியதை இழுத்துக்கொள்ளும்வரை சீட்டு அடிக்காது.

ராத்திரி 11:20. அழுத்தினேன்.

11:34. எட்டு.

11:50. எட்டு. தலைவாசல் மில்லுக்கு ஃபோன் போட்டேன். "கரண்ட் இல்லீங்க மேடம்." அதே மில்.

12:40. அப்பா இருமினார். தண்ணீர் கொடுத்தேன். "வந்துருச்சா?" என்றார்.

2:10. எட்டு.