மேடில்லாத சாலையில்தான் எலும்பு முறிகிறது

மொரீஷியசின் கிழக்குக் கரைச் சாலை மயேபூரிலிருந்து கிளம்பி, வியூ கிராண்ட் போர், ட்ரூ டோ டூஸ் வழியாக பெல் மார், போஸ்ட் லாஃபாயெத் வரை வடக்கே போகிறது. ஒருபக்கம் கடல், மறுபக்கம் கரும்பு. பெரிய ஏற்றம் கிடையாது. பல நாள் சைக்கிள் பந்தயத்தில் சமதள ஸ்டேஜில், அதாவது மேடில்லாத ஒரு நாள் ஓட்டத்தில், ஏன் இத்தனை பேர் விழுகிறார்கள் என்பது இந்தச் சாலையில் ஒருமுறை கூட்டமாக ஓட்டிப் பார்த்தால் விளங்கிவிடும்.

மலை ஆட்களைத் தானாகவே பிரித்துவிடும். சமதளத்தில் யாரும் களைப்பதில்லை. எல்லோருக்கும் முன்வரிசை வேண்டும். 50 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 14 மீட்டர் ஓடுகிறது சக்கரம். முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் இடைவெளி அரை மீட்டர். அவருடைய பின்சக்கரத்தின் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரம் நுழைந்திருக்கும்போது அவர் ஒரு சாண் விலகினால் போதும். விழுவது அவரல்ல, நீங்கள்.

காற்று இன்னொரு வில்லன். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று ஓயாது. வடக்கே போகும்போது வலப்பக்கம் பின்னாலிருந்து தள்ளும், சுகமாகத்தான் இருக்கும். சாலை கடல் பக்கம் திரும்பியதும் அதே காற்று விலாவில் அறையும். அப்போது ஒருவருக்குப் பின்னால் ஒருவர் நேராக ஒளிய முடியாது, சாய்வாக விரியவேண்டும். பிரெஞ்சில் அதற்குப் பெயரே விசிறி. போக்குவரத்து ஓடும் நாளில் சாலையின் இடப் பாதிதான் நமக்கு. அதில் நாலைந்து பேருக்குமேல் விரிய இடமில்லை. ஆறாமவர் முதல் எல்லோரும் இடது ஓரத்தில் ஒற்றை வரிசையாகக் காற்றை வாங்கிக்கொண்டு தொங்குகிறார்கள். அந்த ஓரத்தில்தான் சவுக்குச் சருகும் கடல் மணலும் கிடக்கும். அறுவடைக் காலமென்றால் லாரியிலிருந்து விழுந்த கரும்புத் துண்டுகளும் சேர்ந்துகொள்ளும். ஊருக்குள் வேகத்தடை வேறு. இங்குள்ள நம்மவர்களும் கிரியோலில் டோடான் என்றுதான் சொல்வார்கள். முன்னால் போகிறவர் கத்தாவிட்டால் பின்னால் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

2021 டூர் டி பிரான்சின் மூன்றாம் ஸ்டேஜ், லோரியாங்கிலிருந்து பொந்திவி வரை 182.9 கி.மீ. ஆரம்பத்திலேயே கெரைன்ட் தாமசுக்குத் தோள் மூட்டு நழுவியது. அதைப் பொருத்திக்கொண்டு ஓட்டினார். முடிவுக்குப் பத்து கி.மீ. இருக்கையில் ரோக்லிச் விழுந்தார். நாலு கி.மீ. இருக்கையில் ஜாக் ஹெய்க் விழுந்து, பந்தயத்தை விட்டே போனார். கடைசி நேர்கோட்டில் கேலப் யூவனும் சாகனும் சேர்ந்து விழுந்தார்கள். யூவனுக்குக் காறையெலும்பு முறிவு. வென்றவர் டிம் மெர்லியர்.

இதில் பந்தய விதிமுறைக்கும் பங்குண்டு என்பேன். சமதள ஸ்டேஜில் கடைசி 3 கி.மீ.க்குள் விழுந்தால் நீங்கள் இருந்த கூட்டத்தின் நேரமே உங்களுக்கும் கிடைக்கும். ஆகவே ஒட்டுமொத்தப் பட்டத்துக்கு ஓடுபவர்கள் அந்த 3 கி.மீ. பலகைவரை முன்னால் நின்றே ஆகவேண்டும், கடைசி நேர்கோட்டில் பாய்ந்து வெல்லும் ஸ்பிரின்டர்களின் அணிகளும் அங்கேயே நெருக்கும். பொந்திவி ஸ்டேஜுக்கு மறுநாள் வீரர்கள் நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். 2024-இல்தான் எல்லையைத் தேவைப்பட்டால் 5 கி.மீ. வரை நீட்டலாம் என்றார்கள். எல்லை நகர்ந்தால் நெருக்கடியும் கூடவே நகரும் என்பது வேறு விஷயம்.

இந்தத் தீவின் வீராங்கனை கிம் லெ கோர்ட் 2025-இல், முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையோடு இறங்கியதும் ஒரு சமதள ஸ்டேஜில்தான்: பெண்கள் டூரின் மூன்றாம் நாள், ஆஞ்செர் நகருக்கு. முடிவுக்கு அருகே டெமி வோலரிங் விழுந்தார், லொரேனா வீபெஸ் வென்றார், சட்டை மரியான் வோசுக்குப் போனது. ஐந்தாம் ஸ்டேஜை வென்று கிம் அதைத் திரும்ப வாங்கினார்.

இங்கே ஓட்ட வருகிறவர்கள் விடிந்ததும் கிளம்புங்கள். ஞாயிறு பத்து மணிக்குமேல் பெல் மார் கடற்கரை முழுக்க வண்டிகள், திடீரென்று திறக்கும் கதவுகள். தைப்பூசத்தன்று கூட்டமாக ஓட்டவே வேண்டாம். அன்று அரசு விடுமுறை, சாலை காவடிகளுக்கு. 28 மி.மீ. டயருக்கு 70 கிலோ ஆள் 70 பிஎஸ்ஐ காற்று வைத்தால் போதும், மழையில் ஐந்து குறைக்கலாம்.

விழுந்தால் முதலில் காறையெலும்பைத் தடவிப் பாருங்கள். ஹெல்மெட்டில் கீறல் விழுந்திருந்தால் அதோடு ஓட்டாதீர்கள். சைக்கிள் வலப்பக்கம் விழுந்திருந்தால் பின்டெரெய்லரின் (பின்னால் கியர் மாற்றும் கருவியின்) ஹேங்கர், அதாவது அதைப் பிரேமோடு பிடித்திருக்கும் துண்டு, வளைந்திருக்கலாம். பின்சக்கரத்தைத் தூக்கி, கையால் பெடலைச் சுற்றி, பின்னாலுள்ள மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மெதுவாக மாற்றிப் பாருங்கள். டெரெய்லர் ஆரக்கம்பியை உரசினால் அந்தக் கியரைத் தொடவேண்டாம். ஏற்றத்தில் மறந்து மாற்றினால் டெரெய்லர் சக்கரத்துக்குள் போய்விடும். ஹேங்கர் பிரேமுக்குப் பிரேம் வேறுபடும், உதிரி ஒன்றை ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள்.