பிஎம்பி (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ப்ரொஃபெஷனல்) சர்டிஃபிகேட் வாங்கினால் வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் எல்லாருக்கும் இல்லை. ஐடியில் எக்ஸெல் ஷீட்டும் ஸ்டேட்டஸ் மீட்டிங்கும் மட்டும் வைத்துக்கொண்டு மேனேஜராகக் காலம் தள்ளியவர்களுக்கு இப்போது கஷ்டம்தான். சாஃப்ட்வேரைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகச் செய்து முடிக்கும் ஸ்க்ரம் முறையில் ப்ராஜெக்ட் மேனேஜர் என்று ஒரு பொறுப்பே கிடையாது, அந்த வேலையை எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும் ப்ராடக்ட் ஓனரும், முறை சரியாக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் ஸ்க்ரம் மாஸ்டரும், டீமுமே பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

கட்டுமானத் துறையில் கதை வேறு. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மட்டுமே சுமார் 119 கிலோமீட்டர், மதிப்பு 63,246 கோடி ரூபாய். இப்படிப்பட்ட வேலையில் ப்ரைமவேரா என்ற திட்டமிடல் சாஃப்ட்வேரில் ஷெட்யூல் போட்டு, எந்த வேலை ஒரு வாரம் தள்ளினால் மொத்தமும் தள்ளிப்போகும், எதைத் தள்ளினாலும் பரவாயில்லை என்று சொல்லத் தெரிந்த பிளானிங் இன்ஜினியர் வேண்டும். சிவில் படித்துவிட்டு ஐடிக்கு ஓடுகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை, எனக்கு அது புரியவே இல்லை. வெயிலுக்குப் பயமோ என்னவோ!

சரி, பிஎம்பிக்கு வருவோம். நான்கு வருட டிகிரி இருந்தால்கூட, 36 மாதம் ப்ராஜெக்டை வழிநடத்திய அனுபவமும் 35 மணி நேர வகுப்பும் வேண்டும். "படிச்சு முடிச்சதும் பிஎம்பி" என்று ஆசை காட்டும் கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள். ஃப்ரெஷருக்கு 23 மணி நேர வகுப்போடு எழுதக்கூடிய சிஏபிஎம் என்ற ஆரம்பநிலை சர்டிஃபிகேட் இருக்கிறது, அனுபவம் கேட்க மாட்டார்கள். ஆனால் என்னைக் கேட்டால், அந்தக் காசுக்கு முதலில் ப்ரைமவேரா கற்றுக்கொண்டு ஏதாவது ஒரு சைட்டில் போய் நில்லுங்கள், பிஎம்பி அப்புறம் எழுதலாம்.