ஒரு 'பி' எழுத்துக்காக பல்லடம் வரைக்கும் பைக்ல போன கதை

தராசு கம்ப்யூட்டரோட பேச மாட்டேங்குதுன்னு தராசு கம்பெனி சப்போர்ட்டுக்கு ஃபோன் போட்டா "கேபிளை மாத்திப் பாருங்க சார்"னு சொன்னாங்க. நானும் நம்பி 650 ரூபாய்க்கு புது யூஎஸ்பி டு சீரியல் கேபிள் வாங்கிட்டு கோயமுத்தூர்ல இருந்து பல்லடம் தாண்டி ஒரு நூல் குடோனுக்கு வெயில்ல பைக் ஓட்டிட்டுப் போனேன், போய்ப் பாத்தா கேபிள்ல ஒண்ணும் இல்ல, என் பைத்தான் கோட்ல ஒரே ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு. இன்னும் கடுப்பு அடங்கல, அதான் உக்காந்து எழுதறேன்.

வேலை இதுதான். குடோன்ல ஒரு பிளாட்பார்ம் தராசு, மூட்டையை வெச்சா எடை தானா பில்லுக்குள்ள வந்து விழணும். தராசு கம்பெனி குடுத்தது ஒரு டிஎல்எல் (வேற புரோகிராம் கூப்பிடற மாதிரி ஃபங்ஷன் எல்லாம் கட்டி வெச்ச விண்டோஸ் ஃபைல்), கூட ரெண்டு பக்க பிடிஎஃப், அவ்ளோதான். பைத்தான்ல இருந்து டிஎல்எல்லை கூப்பிட உதவற சிடைப்ஸ் (ctypes) பைத்தான் 2.5ல இருந்தே, அதாவது 2006ல இருந்தே, கூடவே வர்ற சாமான், தனியா எதுவும் போட வேணாம், அரை நாள் வேலைன்னு வாய் விட்டுட்டேன். மூணு வாரம் ஆச்சு.

முதல்ல ஹெடர் ஃபைல் கேட்டேன். டிஎல்எல்லுக்குள்ள ஃபங்ஷன் பேரு மட்டும்தான் இருக்கும், அது எத்தனை ஆர்க்யுமெண்ட் (உள்ள அனுப்பற மதிப்பு) வாங்கும், இன்டா டபுளா பாயிண்டரா (மெமரி அட்ரஸ்), திருப்பி என்ன குடுக்கும் எதுவும் இருக்காது, அதுக்குத்தான் ஹெடர். சப்போர்ட் ஆளு, "சார் நம்ம கஸ்டமர் எல்லாரும் விபி6ல தான் யூஸ் பண்றாங்க, யாரும் இப்படி கேட்டதே இல்லியே"ங்கறாரு. சரி, பிடிஎஃப்ல விபி6க்கான (பழைய விஷுவல் பேசிக் 6) டிக்ளேர் லைன், அதாவது ஃபங்ஷனை எப்படி கூப்பிடணும்ங்கற வரி, இருக்கே, அதை வெச்சு சமாளிச்சிக்கலாம்னு இறங்கிட்டேன். அங்கதான் சனி பிடிச்சுது.

லோடு பண்ணதும் விண்எரர் 193, டிஎல்எல் 32 பிட், என் பைத்தான் 64 பிட். ஒரே ப்ராசஸ்ல ரெண்டும் சேராது, 32 பிட் பைத்தான் போட்டேன், முடிஞ்சுது. அடுத்து 126, பக்கத்துலயே கெடக்கற ஃபைலை காணோம்ங்குது. காணாமப் போனது அந்த ஃபைல் இல்ல, அது கூப்பிடற இன்னொரு டிஎல்எல். பைத்தான் 3.8க்கு அப்புறம் அதையெல்லாம் பாத் வேரியபிள்ல தேட மாட்டேங்குது, முழு பாதையும் குடுத்து லோடு பண்ணுங்க, இல்ல ஆட்_டிஎல்எல்_டைரக்டரி (add_dll_directory) வெச்சு ஃபோல்டரை சொல்லுங்க.

அப்புறம் ஃபங்ஷனே இல்லைன்னுச்சு. பிடிஎஃப்ல அலயாஸ்னு (டிஎல்எல்லுக்குள்ள இருக்கற நிஜப் பேரு) ஒண்ணு போட்டிருந்ததை நான் கண்டுக்கல. டிஎல்எல்லுக்குள்ள இருக்கற பேரை காட்டற டம்ப்பின் (dumpbin) டூல் வெச்சு பாத்தா பேரு முன்னாடி ஒரு அண்டர்ஸ்கோர், பின்னாடி அட் 8 (@8). ஸ்டிட்கால் (stdcall, ஃபங்ஷனை கூப்பிடற ஒரு முறை) ஃபங்ஷன்னா இப்படி வரும், அதனால சிடைப்ஸ்ல சிடிஎல்எல் (CDLL) வேணாம், வின்டிஎல்எல்ல (WinDLL) லோடு பண்ணணும். ஆனா இதுல ஒரு லாபம் இருக்கு, அந்த 8ங்கறது ஆர்க்யுமெண்ட் எல்லாம் சேத்து எத்தனை பைட்ங்கற கணக்கு. ஹெடர் குடுக்காதவங்ககிட்ட இருந்து நான் திருடுன ஒரே தகவல் அது. போர்ட் பேரு ஒரு பாயிண்டர் 4, பாட் ரேட் (போர்ட் வேகம்) 4, சரியா இருக்கு.

இப்ப கேபிள் கதை. போர்ட்டை ஓப்பன் பண்ணா ஹேண்டில் (ஓப்பன் ஆன போர்ட்டுக்கு டிஎல்எல் குடுக்கற அடையாள நம்பர்) ஜீரோ வருது, எரர் நம்பர் கேட்டா 3, பிடிஎஃப்ல பாத்தா 'போர்ட் இல்லை'. சப்போர்ட்டுக்கு ஃபோன் போட்டா கேபிள், டிரைவர், வேற யூஎஸ்பி ஓட்டைன்னு வரிசையா சொல்றாங்க. புது கேபிளோட போய் மாட்டி அதே 3. வெறுத்துப்போய் அவங்களோட டெமோ எக்ஸியை பழைய கேபிள்ல ஓட்டுனா ஜம்முனு எடை காட்டுது. அப்பதான் டிஎல்எல் கெடந்த ஃபோல்டர்ல ஒரு லாக் ஃபைல் கண்ணுல பட்டுச்சு. தொறந்தா ஒவ்வொரு லைன்லயும் போர்ட்: சி. அவ்ளோதான், 'சி'. நான் குடுத்த போர்ட் பேரு காம்3 (COM3) எங்க போச்சு?

பைத்தான் 3ல சாதா ஸ்ட்ரிங்கை அப்படியே குடுத்தா சிடைப்ஸ் அதை வைட் கேரக்டரா அனுப்பும், விண்டோஸ்ல ஒரு எழுத்துக்கு ரெண்டு பைட். 'சி'க்கு அடுத்த பைட் ஜீரோ. சி மொழிக்காரன் ஜீரோவைப் பாத்தா ஸ்ட்ரிங் முடிஞ்சுதுன்னு கெளம்பிடுவான். விபி6 அதுவா ஆன்சியா (இங்க ஒரு எழுத்துக்கு ஒரு பைட்) மாத்தி அனுப்பிடும், அதனால அவங்க கஸ்டமர் யாருக்கும் இந்தப் பிரச்சனை வந்திருக்காது. கோட்டேஷனுக்கு முன்னாடி ஒரு 'பி' போட்டு பைட்ஸா மாத்துனேன், தராசு பேசிடுச்சு. நம்பிக்கை இல்லைன்னா விண்டோஸோட சி லைப்ரரி எம்எஸ்விசிஆர்டில (msvcrt) இருக்கற, ஸ்ட்ரிங் நீளம் சொல்ற ஸ்ட்ர்லென்னை (strlen) கூப்பிட்டு 'பி' இல்லாம காம்3 குடுத்துப் பாருங்க, 4 வராது, 1 வரும். ஆர்க்யுமெண்ட் என்ன வகைன்னு சொல்ற ஆர்க்டைப்ஸ்ல (argtypes) சி_சார்_பின்னு (c_char_p, பைட் ஸ்ட்ரிங்) முதல்லயே எழுதி வெச்சிருந்தா சாதா ஸ்ட்ரிங் குடுத்த உடனே ஆர்க்யுமெண்ட்எரர்னு முகத்துல அடிச்சிருக்கும். எழுதல, சோம்பேறித்தனம், 650 ரூபாய் தண்டம்.

ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு. மூணாவது நாள் கணக்குப்பிள்ளை ஃபோன்: "தம்பி, காலி தட்டுல 655 கிலோ காட்டுதுங்களே, நான் வேணா ஏறி நிக்கட்டுங்களா?" காலி சாக்கை வெச்சு டேர் அடிச்சிட்டு (அதாவது அந்த எடையை ஜீரோ ஆக்கிட்டு) சாக்கை எடுத்துட்டா எடை மைனஸ்ல போகணும், அது எனக்கு 65 ஆயிரத்து சொச்சமா வருது. தராசு 10 கிராம் கணக்குல நம்பர் குடுக்கும், அதான் 655 கிலோ. பிடிஎஃப்ல பைரெஃப் இன்டிஜர்னு (எடையை எழுதற எடத்தோட அட்ரஸை குடுக்கணும்னு) போட்டிருந்தான், நான் 32 பிட் சி_இன்ட் வெச்சேன். விபி6ல இன்டிஜர்னா 16 பிட்டுங்க! லாங்தான் 32 பிட். அவன் ரெண்டு பைட் எழுதறான், நான் நாலு பைட் படிக்கறேன், ப்ளஸ்ல இருக்கற வரைக்கும் யாருக்கும் தெரியாது. 16 பிட் சி_ஷார்ட்னு மாத்துனதும் சரியாச்சு.

இதுக்கெல்லாம் உச்சம் கால்பேக். எடை மாறுனா டிஎல்எல்லே நம்ம ஃபங்ஷனை கூப்பிடும்னு ஒரு வசதி இருந்துச்சு, ஆசையா போட்டேன். பைத்தான் ஃபங்ஷனை டிஎல்எல் கூப்பிடற மாதிரி மாத்தற வின்ஃபங்டைப் (WINFUNCTYPE) வெச்சு என் ஸ்டார்ட் ஃபங்ஷனுக்குள்ளயே உருவாக்கி குடுத்துட்டேன். வீட்ல ஓடுச்சு. குடோன்ல முதலாளி பக்கத்துல நின்னு பாக்கறாரு, பத்துப் பன்னெண்டு மூட்டை வரைக்கும் அழகா போச்சு, திடீர்னு விண்டோவே மாயம், எரர் இல்ல, ட்ரேஸ்பேக் இல்ல, ஒண்ணும் இல்ல. "கரண்டு போயிருச்சுங்களா"ன்னு கேக்கறாரு, ஃபேன் ஓடிட்டு இருக்கு.

காரணம் என்னன்னா அந்த கால்பேக் பொருளை நான் எங்கயும் பத்திரமா வெக்கல, ஸ்டார்ட் முடிஞ்சதும் பைத்தான் யாருக்கும் வேணாம்னு தூக்கிப் போட்டுடுச்சு. டிஎல்எல் கையில இருக்கறது செத்துப்போன அட்ரஸ். அந்த மெமரியை வேற யாராவது எடுத்துக்கற வரைக்கும் ஓடற மாதிரி இருக்கும், அதுதான் இதுல இருக்கற அயோக்கியத்தனம். செல்ஃப்ல ஒரு வேரியபிள்ல போட்டு வெச்சேன், அவ்ளோதான் வைத்தியம். இதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போச்சு, பைத்தான் திடீர்னு செத்தா காரணம் காட்டற ஃபால்ட்ஹேண்ட்லரை (faulthandler) முதல்லயே ஆன் பண்ணிருந்தா அக்சஸ் வயலேஷன்னாவது சொல்லிட்டு செத்திருக்கும். சிடைப்ஸ் தொடறவங்க அந்த எக்ஸ் ஆப்ஷனை (-X faulthandler) போட்டே ஓட்டுங்க, 3.3ல இருந்தே இருக்கு.

இப்ப போன வாரம் 64 பிட் டிஎல்எல் அனுப்பிருக்காங்க, அதே பிடிஎஃப்போட. ஹேண்டில் லாங்னு போட்டிருக்கு. பிரிண்ட் பண்ணிப் பாத்தா மைனஸ்ல ஒரு பெரிய நம்பர், அப்பவே புரிஞ்சுது. ஹேண்டில் உண்மையில ஒரு பாயிண்டர், 8 பைட், விண்டோஸ்ல லாங் 64 பிட்லயும் 4 பைட்தான், பாதி அட்ரஸ் வெட்டுப்பட்டுடும். ஃபங்ஷன் திருப்பிக் குடுக்கறது என்ன வகைன்னு சொல்ற ரெஸ்டைப் (restype) எழுதாம விட்டாலும் இதே கதைதான், சிடைப்ஸ் தானா இன்ட்னு எடுத்துக்கும். ரெஸ்டைப்பை சி_வாய்ட்_பின்னு (c_void_p, பாயிண்டர்) மாத்துனேன், உடனே அந்த ஹேண்டிலை வாங்கற அடுத்த ஃபங்ஷன்ல 'இன்ட் டூ லாங் டு கன்வர்ட்'னு (நம்பர் ரொம்பப் பெருசு) எரர். திருப்பிக் குடுக்கற எடத்துலயும் ஆர்க்டைப்ஸ்ல அதையே எழுதணும், ஒரு பக்கம் மட்டும் எழுதுனா பத்தாது. இந்த தடவை பத்து நிமிஷத்துல முடிச்சேன், எனக்கே கொஞ்சம் பெருமையா இருந்துச்சு.

ஆனா என் டேபிள்ல மட்டும்தான் 64 பிட். குடோன்ல இன்னும் அந்த 32 பிட்தான் ஓடுது, முதலாளி கேக்கற வரைக்கும் நான் கை வெக்கறதா இல்ல. ஹெடர் கேட்டு நாலாவது மெயில் போட்டிருக்கேன். கேபிளை கடைக்காரர் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாரு, யாருக்காவது வேணும்னா 400க்கு குடுக்கறேன்.