கல் மாற்றிப் போடும் மோதிரத்தை இறுதி புராஜெக்டாக எடுப்பவர்களுக்கு

இறுதியாண்டு புராஜெக்டுக்குக் கல் மாற்றிப் போடும் நகையை எடுக்கலாமா என்று ஒவ்வொரு வருடமும் ஜூனியர்கள் கேட்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம். ஜூரியில், அதாவது புராஜெக்டுக்கு மதிப்பெண் போடும் தேர்வாளர் குழுவில், உட்கார்பவர்களுக்குப் பிடித்த தலைப்பு இது. கையில் எடுத்துத் திருகிப் பார்க்க ஆசைப்படாதவர் கிடையாது. ஆபத்தும் அந்த ஆசையில்தான் இருக்கிறது. மற்ற நகைகளைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள், இதைக் கழற்றி மாட்டிப் பார்த்துத்தான் போடுவார்கள். வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பூட்டு இறுகி நின்றாலோ லொடலொடவென்று ஆடினாலோ அத்தோடு சரி. கோவையில் நகை வடிவமைப்பு படித்து, இதே தலைப்பில் வெள்ளி மோதிரத் தொகுப்பு ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

சினாப்சிஸ் (புராஜெக்டின் முன்சுருக்கம்) எழுதும்போதே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உருமாறும் நகை வேறு, மாற்றிப் பொருத்தும் நகை வேறு. பிரெஞ்சு நகை நிறுவனமான வான் கிளீஃப் அண்ட் ஆர்ப்பெல்ஸ் 1950-ல் செய்து முடித்த ஜிப் நெக்லஸ் உருமாறும் நகை. ஜிப்பை மூடினால் கைச்சங்கிலி, திறந்தால் கழுத்தணி. ஆனால் அதில் எந்தக் கல்லும் இடம் மாறுவதில்லை. பலரும் இதைத்தான் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டு, உள்ளே கல் மாற்றும் மோதிரத்தைப் பற்றி எழுதுகிறார்கள். ஜூரி அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர்கள்.

அதைவிட நல்ல தொடக்கம் உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கும். பழைய தோடு, ஜிமிக்கி, திருகாணி மூன்றையும் எடுத்துப் பாருங்கள். தோட்டின் தண்டில் ஜிமிக்கியின் வளையத்தைக் கோத்துத் திருகாணியைப் போட்டால் கல்யாணத்துக்கு, ஜிமிக்கியைக் கழற்றிவிட்டால் அன்றாடத்துக்கு. நம் ஊரில் நகையைப் பிரித்துப் போடுவது புதிய யோசனையே இல்லை. ஆனால் அந்தத் திருகாணியைக் கவனியுங்கள். வலது தோட்டுத் திருகு இடதுக்குப் பெரும்பாலும் சேராது. பத்தர் ஒவ்வொரு தண்டுக்கும் கையாலேயே மரை (திருகு ஏறும் சுற்றுப் பள்ளம்) வெட்டி, அதற்கென்றே ஒரு திருகைப் பொருத்திக் கொடுத்திருப்பார். அது அவர் கைத்திறமை, குறை சொல்ல ஒன்றுமில்லை. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது: எந்தக் கல்லும் எந்த மோதிரத்திலும், இன்றும் அடுத்த வருடமும், ஒரே மாதிரி உட்கார வேண்டும். உங்கள் புராஜெக்டின் கேள்வி இதுதான். இதை முதல் பக்கத்தில் எழுதிவிட்டால் மீதி எல்லாம் இதற்குப் பதிலாக அமையும்.

அடுத்து, எதை மாற்றப்போகிறீர்கள்? கல்லை மட்டும் மாற்றும் வடிவங்களை வரையாதீர்கள். அணிபவர் விரலால் கல்லை எடுத்து வைப்பதாக இருந்தால், கல்லைப் பிடிக்கும் பிராங்குகள் (சிறு உலோகக் கால்கள்) ஒவ்வொரு முறையும் வளைய வேண்டும். வெள்ளியோ தங்கமோ, வளைந்து வளைந்து ஒருநாள் முறியும். கல்லைக் கல் பதிப்பவர் ஒரு சிறு உலோகக் கப்பில் நிரந்தரமாகப் பதித்துவிடட்டும். அந்தக் கப் மாறட்டும். கப்பின் மேல்பகுதி கல்லுக்குக் கல் வேறாக இருக்கலாம், அடிப்பகுதி எல்லாவற்றிலும் ஒன்றே. இந்த ஒரு முடிவை எடுத்ததுமே பாதி வேலை முடிந்துவிடும்.

இனிப் பூட்டு. அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

எல்லோரும் முதலில் வரைவது நடுத்திருகு: கப்பின் அடியில் ஒரு தண்டு, மோதிரத்தில் ஒரு துளை. எம்2 மரை (2 மி.மீ. விட்டம்) என்றால் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.4 மி.மீ.; 2 மி.மீ. ஆழம் இருந்தால் ஐந்து சுற்றில் இறுகிவிடும். செய்வது எளிது, விலையும் குறைவு. ஆனால் இரண்டு சிக்கல்கள். ஒன்று, கல் எந்தத் திசையில் வந்து நிற்கும் என்பது மரை எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. வட்டக் கல்லில் அது வெளியே தெரியாது. நீள்வட்டக் கல்லோ சதுரக் கல்லோ இறுகி முடிக்கும்போது கோணலாக நிற்கும். அதற்கு, தண்டைச் சதுரமாகச் செய்து துளையையும் சதுரமாக்கி, மோதிரத்தின் உள்பக்கமிருந்து தனித் திருகால் இழுத்துப் பிடிக்கலாம், கப் சுழலாது. இரண்டாவது சிக்கல் நம் ஊருக்கே உரியது. தண்டு நடுவில் வந்தால் கல்லின் அடிப்பக்கம் மூடிக்கொள்கிறது. வெளிச்சம் போகாது என்பது ஒருபுறம். ராசிக்கல் போடுகிறவர்கள் கல் தோலில் பட வேண்டும் என்பார்கள், அதற்காகவே அடியைத் திறந்து கட்டச் சொல்வார்கள். உங்களுக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு. கல் மாற்றும் மோதிரத்தை இங்கே முதலில் கேட்டு வரப்போவது அவர்கள்தான். ஜூரியில் ஒருவராவது இதைக் கேட்பார்.

அதற்கு விளிம்பு மரை. பாட்டில் மூடி மாதிரி, கப்பின் வெளிச்சுற்றிலேயே மரை. 6 மி.மீ. கல்லுக்கு 8 மி.மீ. விட்டம், 0.5 மி.மீ. இடைவெளி என்று வைத்தால் மூன்று சுற்றில் உட்கார்ந்துவிடும், நடுவில் முழுக்கத் திறப்பு. ஆனால் திசைச் சிக்கல் இதிலும் உண்டு, ஆகவே வட்டக் கல்லுக்கு மட்டும். வேறு வடிவக் கற்களுக்கு நான் பரிந்துரைப்பது கால்சுற்றுப் பூட்டு: கப்பின் பக்கவாட்டில் இரண்டு சிறு முளைகள், மோதிரத்தில் ட வடிவப் பள்ளம், இறக்கித் திருப்பினால் நின்றுவிடும். எப்போதும் ஒரே திசையில்தான் நிற்கும். ஆனால் அடியில் ஏதாவது ஒரு ஸ்பிரிங் அழுத்தம் இல்லையென்றால் கை கழுவும்போதே திரும்பிக் கழன்றுவிடும்.

ஸ்பிரிங் என்றதும் வெள்ளியிலேயே செய்துவிடலாம் என்று தோன்றும். 925 வெள்ளியை (92.5 சதவீத வெள்ளி) தட்டியும் இழுத்தும் விறைப்பாக்கலாம், உண்மைதான். பக்கத்தில் எங்காவது பொடி வைத்து நெருப்பை ஊதிப் பற்றவைத்தால் அந்த விறைப்பு போய்விடும். அதனால் ஸ்பிரிங் பகுதி எதுவாக இருந்தாலும் நெருப்பு வேலை எல்லாம் முடிந்த பிறகே உள்ளே போக வேண்டும்.

காந்தம்? ஜூரியில் டப்பென்று ஒட்டும்போது எல்லோரும் சிரிப்பார்கள், கேள்விகள் அப்புறம்தான் வரும். காந்தம் நேராக இழுத்தால் வலுவாகப் பிடிக்கும். பக்கவாட்டில் தள்ளினால் எளிதில் நழுவிவிடும். மோதிரத்துக்கு அடி விழுவதோ பக்கவாட்டில்தான். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸ் அளவிலேயே சக்தியை இழக்கத் தொடங்கும், எனவே பற்றவைக்க முடியாது, பசைதான். மேலே நிக்கல் பூச்சு இருந்தால் சிலருக்கு அரிப்பு வரும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், சின்னப் பொருளை வாயில் போடும் குழந்தைகள் என்று பாதுகாப்புக் கேள்விகள் தனி. காந்தத்தை வைத்தே தீருவேன் என்றால், கப்பைச் சரியான இடத்துக்கு இழுத்து உட்கார வைக்க மட்டும் பயன்படுத்துங்கள். பிடித்து வைக்கும் வேலையை ஒரு விளிம்போ கொக்கியோ செய்யட்டும்.

தேய்மானத்தையும் இப்போதே யோசிக்க வேண்டும். வெள்ளியின் மேல் வெள்ளி உரசினால் இரண்டும் தேயும். 22 காரட் தங்கம் இன்னும் மோசம், மரைக்கு ஆகவே ஆகாது. 18 காரட் பரவாயில்லை. தேயப்போவது எது என்பதை நீங்களே முடிவு செய்துவிடுங்கள்: விலை குறைந்த, மாற்ற எளிதான பகுதி தேயட்டும். உள்பக்கமிருந்து தனித் திருகால் பிடிக்கும் வடிவத்துக்கு இது ஒரு சாதகம்.

கற்களுக்கு வருவோம். நவரத்தினத்துக்கு ஒன்பது கப், ஒரு மோதிரம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். காகிதத்தில் பிரமாதம். முத்தின் கடினம் மோஸ் அளவில் (கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் அளவு) 2.5 முதல் 4.5 வரை, பவளம் 3 முதல் 4 வரை, வைரம் 10. ஒரே பெட்டிக்குள் இவை உருண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கும். முத்தும் பவளமும் பட்டை தீட்டாத வடிவங்கள், கப் தனி. மூன்று கல் போதும், ஆனால் மூன்றும் மூன்று விதமாக இருக்கட்டும். காங்கேயம், கரூர் பக்கத்துக் கல் ஒன்றைச் சேர்த்தால் கதையும் கிடைக்கும். அந்தப் பகுதி நிலாக்கல்லின் கடினம் 6 முதல் 6.5, பட்டை இல்லாமல் குமிழாகத் தீட்டியிருப்பார்கள். அதோடு ஒரு செவ்வந்திக்கல் (7), ஒரு நீலக்கல் (9). சோதனைக்கு விலை உயர்ந்த கல் வேண்டியதில்லை, திருச்சியில் பட்டை தீட்டிய செயற்கைக் கற்களே போதும்.

6 மி.மீ. என்று கேட்டு வாங்கினாலும் வெர்னியர் அளவுகோல் வைத்து ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். விட்டம் சரியாக இருந்தாலும் உயரம் ஏமாற்றும். செவ்வந்திக்கல் குவார்ட்ஸ் வகை; அதன் ஒளிவிலகல் எண் (வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) சுமார் 1.55தான், நீலக்கல்லுக்கு 1.76-க்கு மேல், ஒளிவிலகல் குறைந்த கல்லில் வெளிச்சம் திரும்பி வர அடிப்பகுதியைச் செங்குத்தாகத் தீட்ட வேண்டும், அதனால் செவ்வந்திக்கல் ஆழமாக இருக்கும். நீலக்கல்லிலோ எடையைக் காப்பாற்றுவதற்காக அடியைப் பருமனாகவே விட்டுவிடுவதும் உண்டு. கைவசமுள்ள மிக ஆழமான கல்லுக்குக் கப்பின் உயரத்தை வைத்து, மற்றவற்றின் இடுப்பு விளிம்பும் (கல்லின் அகன்ற சுற்று) அதே மட்டத்தில் வரும்படி கப்பின் உள்பக்கத்தைச் சரிசெய்யுங்கள். மாற்றி மாற்றிப் போடும்போது கல் ஒருமுறை மேலேறியும் ஒருமுறை உள்வாங்கியும் தெரிந்தால், பூட்டு கச்சிதமாக இருந்தாலும் பார்வைக்கு மட்டமாக இருக்கும்.

செய்முறையில் முக்கியமானது வரிசை. மரையைக் கணினியில் வரைந்து ரெசினில் முப்பரிமாணமாக அச்சிட்டு அப்படியே காஸ்டிங் (அச்சில் உருக்கி வார்ப்பது) எடுக்க முயலாதீர்கள். இவ்வளவு நுண்ணிய மரை காஸ்டிங்கில் சுத்தமாக வராது, உலோகமும் ஆறும்போது சுருங்கும். துளையைச் சிறிதாக விட்டுவிட்டு, பிறகு துளையிட்டு டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மரை எடுக்க வேண்டும். அதைவிட நல்லது, மரை வரும் பகுதியை இழுத்த கம்பியிலோ குழாயிலோ கடைந்து எடுத்து, காஸ்டிங் செய்த மோதிரத்தில் பற்றவைப்பது. காஸ்டிங்கில் மறைந்திருக்கும் நுண்துளை சரியாக மரையின் மேல் வந்து நிற்கும் தொல்லை அப்போது இல்லை. வெள்ளியைத் தொடும் முன் முழு அமைப்பையும் பித்தளையில் ஒருமுறை செய்து பாருங்கள்.

பித்தளையிலேயே ஓர் அளவியும் செய்துகொள்ளுங்கள்: சரியான கப் உள்ளே போக வேண்டிய ஒரு துளை, போகக் கூடாத ஒரு துளை. ஒவ்வொரு கப்பையும் அதற்குரிய மோதிரத்தில் பொருத்திப் பார்த்து அரம் போட்டால், திரும்பவும் பத்தரின் திருகாணிக்கே வந்து சேர்வோம். அளவியில் மட்டும் பாருங்கள். கடைசியில் எல்லாக் கப்பையும் எல்லா மோதிரத்திலும் போட்டுப் பார்த்து ஓர் அட்டவணை எழுதுங்கள். மூன்று மோதிரம், ஐந்து கப் என்றால் பதினைந்து கட்டங்கள். பளபளவென்று ரெண்டர் செய்த படங்களைவிட அந்த அட்டவணை ஜூரியில் அதிகம் பேசும்.

பாலிஷ் போடும்போது பொருந்தும் முகங்களை ஒட்டுநாடா ஒட்டி மறைத்துவிடுங்கள். பளபளப்பாக்கும் பஃப் சக்கரம் ஓரங்களைத்தான் முதலில் தின்னும், 0.1 மி.மீ. போனால் ஆட்டம் தொடங்கிவிடும். பிளேட்டிங் (முலாம்) பற்றிக் கவலை வேண்டாம், அது மைக்ரான் கணக்கு. கல் பதிப்பவரிடம் கப்பைத் தனியாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பிராங்கை அழுத்தும் விசையில் மெல்லிய கப் நீள்வட்டமாகிவிடும், மரை பிடிக்காது. அதே மரையுள்ள பித்தளைத் தாங்கி ஒன்றைச் செய்து, கப்பை அதில் திருகி, அதோடு கொடுத்துப் பதிக்கச் சொல்லுங்கள். “எதுக்கு இத்தனை வேலை கண்ணு?” என்று சிரிப்பார்கள், ஒருமுறை காட்டினால் புரிந்துகொள்வார்கள். பதித்து வந்ததும் மறுபடி அளவி.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) விலை கேட்பார்கள். கிராமுக்கு இத்தனை செய்கூலி என்ற கணக்கு இதற்கு ஒத்துவராது. கப்பின் எடை மிகக் குறைவு, வேலையோ அதிகம். ஒரு கப்புக்கு இவ்வளவு என்று கூலியைப் பிரித்துக் காட்டுங்கள். தங்கத்தில் செய்தால் ஹால்மார்க் (தங்கத்தின் தரமுத்திரை) எங்கே வரும் என்பது இன்னொரு கேள்வி. 2021 ஜூன் 16 முதல் தங்க நகைக்கு ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட அடையாளமும் சேர்ந்து பொறிக்கப்படுகிறது. 2 கிராமுக்குக் குறைந்த பொருளுக்கு விலக்கு உண்டு. மோதிரத்தின் உள்பக்கத்தில் அதற்குத் தட்டையான இடம் விட்டிருப்பதை வரைபடத்திலேயே காட்டிவிட்டால் அந்தக் கேள்வி நீளாது.

கழன்று தொலைந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு “தொலையாது சார்” என்று சொல்லாதீர்கள். இறுக்கம் குறைந்தால் கப் முதலில் லேசாக ஆடும், அது விரலுக்குத் தெரியும், அப்போது திருகை மாற்றினால் போதும் என்று விளக்குங்கள். அதற்கான உபரித் திருகுகளை அணியாத கப்புகளோடு ஒரே பெட்டியில், ஒவ்வொன்றுக்கும் தனிக் குழியில் வையுங்கள். நிலாக்கல்லுக்குப் பக்கத்தில் நீலக்கல் உரசாமல் இருப்பதற்கும் அந்தக் குழிதான் பதில்.

ஜூரி நாளில் மோதிரத்தை நீங்களே கழற்றிக் காட்டாதீர்கள். மூடிய பெட்டியைத் தேர்வாளர் கையில் கொடுத்துவிட்டு, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதைக்கூடச் சொல்லாமல் நில்லுங்கள். அவர் தேடித் தடுமாறினால் வடிவத்திலேயே ஓர் அடையாளம் குறைகிறது. அதை ஜூரிக்கு முந்தைய வாரமே, நகை படிக்காத ஒரு நண்பரிடம் கொடுத்துக் கண்டுபிடித்துவிடலாம். மேசை மேல் ஒரு வெல்வெட் துணி விரித்து வையுங்கள், கப் உருண்டு கீழே போகாது.