இருபத்தெட்டுப் பேருக்கு ஒரு வரி

மார்ச் 9, திங்கள்

மூன்றாம் வகுப்பின் மதிப்பெண் அட்டைகள் கட்டாக என் மேசைக்கு வந்துவிட்டன. மதிப்பெண் நிரப்புவது ஒரு மாலை வேலை. அடியில் 'ஆசிரியர் குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதுதான் ஆளைத் தின்னும். அரையாண்டில் எழுதியதைப் புரட்டினேன். 'நன்று.' 'முயற்சி தேவை.' 'கையெழுத்தில் கவனம் தேவை.' அட்டைகளைக் கலைத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும் ஒரு பெற்றோரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

இந்த முறை அப்படி எழுதுவதில்லை. ஒரு பழைய நோட்டில் 28 பெயர்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே அந்தப் பிள்ளை இந்த வருஷம் செய்த ஏதாவது ஒன்றை எழுத உட்கார்ந்தேன். (இங்கே பெயர்கள் வராது. மனசுக்குள் நான் வைத்திருக்கும் பட்டப்பெயர்கள்தான்.) கேள்வி மன்னன்: நிலா பகலிலும் ஏன் தெரிகிறது என்று கேட்டு என்னை ஒரு ராத்திரி முழுக்கப் படிக்க வைத்தான். ஓட்டைப்பல்: ஷூ கயிறு கட்டத் தெரியாத நாலு பேருக்குக் கட்டக் கற்றுக்கொடுத்தாள். விசில்காரன்: ஏழாம் வாய்ப்பாட்டை விசிலிலேயே சொல்வான், அதைச் சாதனை என்று அட்டையில் எழுத முடியுமா தெரியவில்லை.

27 பேருக்கு ஏதோ ஒன்று கிடைத்தது. இரட்டைப் பின்னலுக்கு நேரே மட்டும் காலி. அரையாண்டு அட்டையில் அவளுக்கு எழுதியிருந்தது: 'அமைதியான மாணவி'.

மார்ச் 11, புதன்

ஒரு நிமிட வாசிப்பு. பார்க்காத பத்தி ஒன்றைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வாசிக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். 247 எழுத்தும் தெரிந்தவர்கள் எல்லாம் வாசிப்பவர்கள் ஆகிவிடுவதில்லை. எழுத்தைக் கூட்டுவதிலேயே மூச்சு முழுக்கப் போய்விட்டால், வரி முடியும்போது அதன் தொடக்கம் மறந்துபோயிருக்கும். வேகத்தை அளப்பது வேகத்துக்காக இல்லை, பொருளுக்கு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

விசில்காரன் ஜூனில் 14 சொல். இன்று 52. எண்ணிக்கையை விடுங்கள், பத்தியின் நடுவில் நாய் தொலைந்துபோகும் இடத்தில் நிறுத்தி, "ஐயோ, கிடைச்சிடுமா மிஸ்?" என்று கேட்டான். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இரட்டைப் பின்னல் 61. புத்தகத்தை மூக்கில் முட்டுகிற மாதிரி பிடித்திருந்தாள். "நிமிர்ந்து உட்காரு" என்றேன். குறிப்பு நோட்டில் 'நன்றாக வாசிக்கிறாள்' என்று எழுதிவிட்டு, வகுப்பில் பதினைந்து பேர் நன்றாக வாசிக்கிறார்கள் என்று அடித்துவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

ஆண்டு விழா நாடக ஒத்திகை. காட்டு விலங்குகள் கூடி மரத்தை வெட்டவிடாமல் தடுக்கும் கதை. மரமாக நடிக்க மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள், சிங்கத்துக்கு ஆளே இல்லை. சிங்கத்துக்கு வசனம் அதிகம், அதுதான் காரணம்.

இரட்டைப் பின்னலுக்கு மான் வேடம். நான் அரங்கின் கடைசியில் நின்று கையை உயர்த்தினால் அவள் மேடைக்கு ஓடி வர வேண்டும். மூன்று முறை உயர்த்தினேன். மூன்று முறையும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். எனக்குக் கோபம். "கவனம் எங்க இருக்கு உனக்கு? என்ன முறைப்பு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். பதில் இல்லை. நாலாவது முறை பக்கத்தில் இருந்த முயல் அவளைத் தள்ளிவிட்டது.

மார்ச் 16, திங்கள்

பரிசுப் பட்டியல் கூட்டம், இரண்டு மணி நேரம். முதல் மூன்று இடம், முழு வருகை, விளையாட்டு, ஓவியம். முழு வருகைப் பரிசு எனக்கு எப்போதுமே உறுத்தும். அம்மை போட்டு இரண்டு வாரம் படுத்திருந்த பிள்ளை என்ன தப்பு செய்தது? காய்ச்சலோடு வந்து பக்கத்தில் நாலு பேருக்குக் கொடுத்தவனுக்குக் கோப்பை.

எல்லோருக்கும் ஏதாவது ஒரு பரிசு கொடுத்துவிடலாம் என்றார் இளம் ஆசிரியர் ஒருவர். நான் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வை எடுத்தேன். படம் வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளைப் பிரித்து, ஒரு குழுவிடம் மட்டும் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, சும்மா விளையாடும் நேரத்தில், அந்தக் குழுதான் வரைவதில் குறைவான நேரம் செலவிட்டது. எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கிய குழுவுக்கு அந்தச் சுணக்கம் வரவில்லை. பரிசு கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஜூன் மாதமே ஆசை காட்டி வைப்பதைத்தான் சொல்கிறேன்.

எச்.எம். கேட்டுவிட்டு, "சரி டீச்சர், கோப்பைக்கு ஆர்டர் கொடுத்தாச்சு" என்றார். கூட்டம் முடிந்தது.

மார்ச் 18, புதன்

பிள்ளைகளுக்கு வருஷத்திலேயே பிடித்த நாள். கதவுக்குப் பின்னால் ஜூனில் ஒட்டிய உயரப் பட்டையில் மறுபடி நின்று அளந்துகொள்வது. இந்த வயதில் வருஷத்துக்கு ஐந்து ஆறு சென்டிமீட்டர் வளர்வார்கள். பழைய பென்சில் கோட்டுக்கும் புதுக் கோட்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்து, "இவ்ளோவா நான்!" என்று நம்ப மாட்டார்கள். படிக்காமல், ஒத்திகை பார்க்காமல் கிடைக்கிற ஒரே சாதனை. குள்ளமானவன் கூட ஜெயிப்பான், ஏனென்றால் அவன் போட்டி போடுவது தன்னோடுதான். விசில்காரன் நுனிக்காலில் நின்று மாட்டிக்கொண்டான்.

இரட்டைப் பின்னல்: ஜூனில் 131, இன்று 137. வகுப்பிலேயே அதிகம். அப்பாடா, அவளுக்கு எழுத ஒரு வரி கிடைத்தது என்று நோட்டை எடுத்தேன். 'ஆறு சென்டிமீட்டர்...' என்று தொடங்கியதும் கை நின்றுவிட்டது. உயரமாகிவிட்டாள், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறது என்று ஜனவரியில் அவளை இரண்டாம் வரிசையிலிருந்து கடைசிக்கு மாற்றினேன். நான்தான் மாற்றினேன்.

சாயங்காலம் அவளுடைய நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். டிசம்பர் வரை சுத்தமான எழுத்து. ஜனவரியிலிருந்து 8 இருக்க வேண்டிய இடத்தில் 3, 6 இருக்க வேண்டிய இடத்தில் 0. கரும்பலகையிலிருந்து எழுதிய பாடங்களில், புதிய சொற்களில் எல்லாம் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் என் சிவப்பு மை: 'புள்ளி வைக்க மறக்காதே.' 'புள்ளி எங்கே?' ஒரு இடத்தில் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறேன். சொல்வதை எழுதும் பயிற்சியில் மட்டும் ஒரு புள்ளி விடவில்லை. இரண்டு நோட்டும் ஒரே நாளில் என் கையால் திருத்தியவை.

தூரத்திலிருந்து பார்த்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதானே.

மார்ச் 19, வியாழன்

மற்றவர்கள் விளையாடப் போனதும் அவளை மட்டும் நிறுத்தினேன், பயப்படக் கூடாது என்று ஓட்டைப்பல்லையும் கூட. பலகையில் ஐந்து சொல் எழுதி, கடைசி வரிசையிலிருந்து வாசிக்கச் சொன்னேன். ஓட்டைப்பல் கடகடவென்று வாசித்தாள். இவள் கண்ணைச் சுருக்கினாள். முறைப்பு இல்லை அது. கண்ணை இடுக்கினால் ஒளி சின்னத் துவாரம் வழியாக நுழையும், மங்கல் கொஞ்சம் குறையும். யாரும் சொல்லித்தராமலே அவள் கண்டுபிடித்து வைத்திருக்கிற வித்தை.

"ஏன்மா சொல்லவே இல்ல?"

"எல்லாருக்கும் அப்படித்தானே மிஸ் தெரியும்?"

பிறகு மெதுவாக, "பக்கத்துல பார்த்து எழுதினா நீங்க திட்டுனீங்க" என்றாள்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "டிவி கிட்டப் போய் உட்காருவா டீச்சர். கண்ணு கெட்டுடும்னு நாங்க திட்டுவோம்" என்றார். கிட்டப் போனதால் கெட்டது என்று அவர்கள், கெட்டதால் கிட்டப் போகிறாள் என்று யாரும் யோசிக்கவில்லை. ஜூன் மாதக் கண் பரிசோதனைத் தாளில் 'இயல்பு' என்றுதான் இருக்கிறது. கிட்டப்பார்வை பெரும்பாலும் பள்ளி வயதில்தான் தலைகாட்டும், வருஷத் தொடக்கத்தில் ஒரு முறை பார்த்துக் கோப்பில் போட்டுவிட்டால் நடுவில் வருவது தெரியாது. இந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. மூன்று மாதம் அவளைத் தினமும் பார்த்தது அந்தத் தாள் இல்லை.

மார்ச் 20, வெள்ளி

விளையாட்டு விழா. வெயில், தூசி, தொண்டை போய்விட்டது. தொடர் ஓட்டத்தில் எங்கள் வகுப்பு இரண்டாமிடம். பேட்டனைக் கொடுக்கும்போது நின்று, "இந்தா" என்று சொல்லிக் கொடுக்கும் மரியாதைக்காரர்கள் என் பிள்ளைகள்.

மார்ச் 24, செவ்வாய்

இரண்டு கண்ணுக்கும் மைனஸ் ஒன்றரை என்று அவள் அம்மா சொன்னார். கணக்குப் பார்த்தால் கண்ணிலிருந்து சுமார் 67 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாமே மங்கத் தொடங்கும். இரண்டாம் வரிசையில் பெரிய எழுத்தைச் சமாளித்திருப்பாள். கடைசி வரிசையில் நான் கோடு கோடாகத்தான் தெரிந்திருப்பேன். கண்ணாடி வர நாலு நாள் ஆகுமாம்.

அவள் அட்டையில் எழுதினேன்: 'ஜனவரி முதல் கரும்பலகை தெரியாத இடத்தில் நான் அமர்த்தியும், கேட்டே பாடங்களைக் கற்றாள்.'

எச்.எம். கையெழுத்துப் போடாமல் அட்டையைத் தள்ளி வைத்தார். "டீச்சர், வீட்ல பத்திரமா வைக்கிற அட்டை இது. நம்ம தப்பை நாமே எழுதிக் கொடுக்கணுமா?"

"அந்த மதிப்பெண்ணும் பத்திரமாத்தான் சார் இருக்கும்."

கொஞ்ச நேரம் பேசினோம். கடைசியில் 'நான் அமர்த்தியும்' போனது. 'கரும்பலகை சரியாகத் தெரியாத நிலையிலும்' என்றானது. விட்டுக்கொடுத்தேன், வெட்கம்தான். வெட்டிய பகுதியை அவள் அம்மாவிடம் நேரில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது. இரண்டாம் பருவ மதிப்பெண்ணை மாற்ற விதியில் இடமில்லை. அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு ஒரு தனித்தாள் எழுதி அட்டைக்குள் வைத்தேன்: முதல் இரண்டு வரிசைக்குள் உட்கார வைக்கவும், உயரத்தைப் பார்க்க வேண்டாம்.

மார்ச் 26, வியாழன்

ஆண்டு விழா. மான் சரியான நேரத்துக்கு மேடைக்கு வந்தது. கையை உயர்த்துவதை விட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் பறையொலி மாதிரி ஒரு தகர டப்பாவை இரண்டு தட்டு தட்ட ஏற்பாடு. இவ்வளவு சுலபமான மாற்றம். சிங்கம் வசனத்தை மறந்து, "மீதி மரம் சொல்லும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தது. மரம் சொன்னது. கைதட்டல் அதற்குத்தான் அதிகம்.

மார்ச் 30, திங்கள்

கடைசி நாள். நூலகப் புத்தகங்களில் மூன்று பாக்கி. பையில் எடுத்துப் போகச் சொன்ன ஓவியங்களில் பாதி மேசைக்கு அடியிலேயே கிடக்கின்றன.

இரட்டைப் பின்னல் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். நீல நிறச் சட்டம். எல்லோரும் வாங்கிப் போட்டுப் பார்த்து, தலை சுற்றுகிறது என்று கத்தி, பத்து நிமிடத்தில் மறந்துவிட்டார்கள். அவள் தானாகவே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து பார்க்க வேண்டுமாம்.

நான் அட்டைகளைப் பெயர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கை தூக்கினாள். இந்த வருஷம் அவளாகக் கை தூக்கியது எனக்கு ஞாபகம் இல்லை.

"மிஸ், அங்க தப்பா எழுதியிருக்கு."

பலகைக்கு மேலே, கூரையை ஒட்டி, ஜூன் மாதம் நான் என் கையால் எழுதி மாட்டிய பெரிய சார்ட். 'விலங்குகல்'.

"ள போடணும் மிஸ்."

28 பிள்ளைகள், பெற்றோர் கூட்டங்கள், பார்வையிட வந்த அதிகாரி, பத்து மாதமாக நான். நாளைக்கு எல்லா சார்ட்டையும் கழற்றிவிடுவோம். இருந்தாலும் நாற்காலி போட்டு ஏறினேன். அவள் கீழே நின்று ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக் கொடுத்தாள், சிவப்பு.