இந்த வருஷம் எத்தன மரம் நட்ட?

ஊருக்குப் போனா எங்க பெரியப்பா கேக்குற மொத கேள்வி இதுதான். நானும் வருஷா வருஷம் ஒரே பதில்தான் சொல்றேன், ஒண்ணுகூட இல்ல பெரியப்பா. காட்டு ஆராய்ச்சின்னு சொல்லிட்டு சும்மா சுத்திட்டு இருக்கான்னு அம்மாகிட்ட சொல்லிருக்காரு.

நான் சுத்துறது மசினகுடி தாண்டி மாயாறு பக்கம் இறங்குற காடு. மழை கம்மி. பிப்ரவரி ஆச்சுன்னா இலையெல்லாம் கொட்டி மொட்டையா நிக்கும், டூரிஸ்ட்டுங்க பாத்துட்டு காடு செத்துப்போச்சேம்பாங்க. சாகலைங்க, இலையுதிர் காடு அப்படித்தான் இருக்கும். கருமருதுக்கெல்லாம் முதலைத்தோல் மாதிரி வெடிச்ச தடிச்ச பட்டை, முழங்கால் உயரத்துல தரையோட ஓடுற தீ அத ஒண்ணும் பண்ணாது. சின்னக் கன்னு கருகிரும், ஆனா வேர்க்கட்டை உள்ள உசுரோட கெடக்கும், மழை விழுந்தா துளிர்க்கும், மறுபடி எரியும், மறுபடி துளிர்க்கும், சில வருஷம் தொடர்ந்து தீ படாம விட்டாத்தான் தீக்கு எட்டாத உயரத்துக்குப் போயி மரமாகும். அந்த கேப்தான் இப்ப கிடைக்க மாட்டேங்குது. முதுமலைல 1910கள்ல சராசரியா 10 வருஷத்துக்கு ஒரு தடவ வந்த தீ, 1989லேருந்து 2002 வரைக்கும் பாத்தா 3.3 வருஷத்துக்கு ஒரு தடவ வந்திருக்குன்னு 2004ல ஒரு ஆராய்ச்சிப் பேப்பர் வந்துச்சு. அப்புறம் கன்னு எப்ப நிமிர்றது? (மூங்கில் உரசி தீ பிடிக்குதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கிட்டத்தட்ட எல்லாமே மனுசன் வச்சதுதான்.)

இதுக்கு நடுவுல உண்ணிச்செடி வேற. வெள்ளைக்காரன் காலத்துல 1800கள் ஆரம்பத்துல அழகுக்குன்னு கல்கத்தா தோட்டத்துக்குக் கொண்டு வந்தது, இன்னைக்கு இங்க ஆள் உயரத்துக்குப் புதரா நிக்குது. உள்ள யானை நின்னாலும் பத்தடி வரைக்கும் தெரியாது, ரெண்டு தடவ தப்பிச்சிருக்கேன். அது காஞ்சா தரையில ஓட வேண்டிய தீக்கு ஏணி போட்ட மாதிரி, நேரா கிளைக்கு ஏறிரும்.

பக்கத்துல கர்நாடகா பிலிகிரிரங்கன் மலைல சோலிகர் பழங்குடி ஜனங்க, கோடை வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே சருக மட்டும் லேசா கொளுத்தி விடுவாங்க, தரகு பெங்கின்னு பேரு. 1974ல சரணாலயம் ஆனதும் அத நிறுத்தியாச்சு. அதுக்கப்புறம்தான் உண்ணி இப்படிப் பெருகுச்சுன்னு அவங்க சொல்றாங்க. சரி, திரும்ப கொளுத்த விட்டா எல்லாம் சரியாயிருமான்னா அதுவும் கஷ்டம், இவ்வளவு உண்ணி நிக்கிறப்ப வச்சா அது பழைய தீயா இருக்காது. மொதல்ல செடிய எடுக்கணும்ங்கிறதுதான் என் கட்சி.

எடுக்குறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. மேலால அறுத்தா ஒண்ணுக்கு பத்தா வெடிச்சு வரும். மண்ணுக்கு ரெண்டு மூணு விரக்கட கீழ, தண்டும் வேரும் சேர்ற இடத்துக்கு அடியில வெட்டி, அப்படியே தலைகீழா கவுத்துப் போடணும், மறுபடி வேர் பிடிக்காது. எங்ககூட வேல செய்யுற இருளர் அண்ணன் ஒருத்தர் ரெண்டே வெட்டுல முடிச்சிருவாரு, நான் அதே மம்பட்டியால பத்து வெட்டு வெட்டி கையெல்லாம் முள்ளு கீறி நிப்பேன், "தம்பி நீங்க போய் நோட்டுல எழுதுங்க"ம்பாரு. அதோட முடியாது, பழத்தத் தின்னுட்டு சின்னான் குருவி எந்த மரத்துல உக்காருதோ அதுக்கு அடியில எல்லாம் அடுத்த மழைக்கு புதுசா மொளச்சிருக்கும், வருஷா வருஷம் போய்ப் பிடுங்கணும். போட்டோ எடுத்துக்கிட்டு கன்னு நட்டுட்டுப் போறதுக்கு ஆள் வருது, இதுக்கு வர மாட்டேங்குது.

போன கோடைல காட்டுக்குள்ள எங்க ஆராய்ச்சி பிளாட்டு ஓரத்துல தீ வந்துச்சு. செடி எடுக்காத பக்கம் மேல் கிளை வரைக்கும் கருகி நிக்குது, எடுத்த பக்கம் புல்லு மட்டும் எரிஞ்சு அடிமரம் ரெண்டடி கறுத்ததோட சரி. ஒரே ஒரு இடம், இத வச்சு பேப்பர் எழுத முடியாது. ஆனா ஜூன்ல போனப்ப கருகுன தேக்கு வேர்க்கட்டைல இருந்து செவப்பா ஒரு துளிர், ரெண்டே இலை. போட்டோ எடுத்தேன்.

பொங்கலுக்குப் போனப்ப பெரியப்பாகிட்ட காமிச்சேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு பெருசு பண்ணி ரொம்ப நேரம் பாத்தாரு.

"இது நீ நட்டதா?"

"இல்ல பெரியப்பா, அதுவா வந்துச்சு."

"அப்புறம் ஒனக்கு எதுக்குடா சம்பளம்?"