பானெட்டு அப்பளம் ஆன கதை

பழைய காருல பெயிண்ட் உரிக்க ஆங்கிள் கிரைண்டரை, அதான் இரும்பு தேய்க்கிற கை மெஷினை ஆன் பண்ணி ஒரு நாலு நிமிஷம்தான் இருக்கும், பானெட்டு நடுவுல கை வச்சு பாத்தேன், சுரீர்னு சுட்டுச்சு. அப்பவே நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. பெயிண்ட் பறக்குது, உள்ள வெள்ளி மாதிரி தகடு தெரியுது, அந்த குஷியில அப்படியே ஓட்டிட்டேன். மறுநாள் காலைல பாத்தா நடுவுல அப்பளம் மாதிரி உப்பி நிக்குது, விரல்ல அமுத்துனா டொக்குனு உள்ள போகுது, கைய எடுத்தா டொக்குனு வெளிய வருது. 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4, நாப்பது வருஷமா எந்த லாரிக்காரனும் பண்ணாத சேதாரத்த நான் ஒரே சாயங்காலத்துல பண்ணி முடிச்சேன்.

வண்டி எங்க பெரியப்பாவோடது. ஏற்காட்டுல காபி தோட்டத்துக்குள்ள, சில்வர் ஓக் மரத்தடியில பதினோரு வருஷமா தார்ப்பாய் போத்தி நின்னுச்சு. உனக்கு வேணும்னா எடுத்துக்கடான்னார், எடுத்துக்கிட்டேன். கீழ சேலம் வரைக்கும் இருபது கொண்டை ஊசி வளைவுல இதை எப்படி இறக்குறதுன்னு மலைச்சுப்போய், சரி பெயிண்ட் உரிக்கிற வரைக்குமாவது மேலயே வச்சு பாப்போம், வாரக்கடைசில போனா போச்சுன்னு நெனச்சேன். அதுவும் தப்புதான், அதுக்கு அப்புறம் வரேன்.

பானெட்டை மட்டும் கழட்டி, தெரிஞ்சவர் ஜீப்புல போட்டு சேலம் சூரமங்கலத்துல ஒரு டிங்கர் மேஸ்திரிகிட்ட கொண்டு போனேன். முப்பது வருஷமா அம்பாசிடர், பத்மினி காருன்னு பாத்த கை. ரெண்டு தட்டு தட்டி பாத்துட்டு, "ஏன் தம்பி, பெயிண்ட உரிக்க சொன்னா தகட்ட வறுத்துட்டு வந்திருக்கீங்க"ன்னார். பக்கத்துல நின்ன பையன் சிரிச்சான். நானும் சிரிச்சு வச்சேன், வேற வழி?

மெஷின் வேகம்தான் தகட்ட சுட்டுருச்சுன்னு அவர் சொன்னத வீட்டுக்கு வந்து கணக்கு போட்டு பாத்தேன். நம்ம எல்லார் வீட்லயும் இருக்குற நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் (கடையில ஏஜி4ம்பாங்க) லோடு இல்லாம நிமிஷத்துக்கு 11,000 சுத்து பக்கம் சுத்தும். டிஸ்க் ஓரத்துல அது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல வருது. அதுல நான் மாட்டுனது 40 நம்பர் ஃப்ளாப் டிஸ்க், கேட்டு கிரில் வெல்டிங்க தேய்க்கிற சாமான். பெயிண்டையும் எடுக்கும், தகட்டையும் சேத்து எடுக்கும், சூட்டையும் கிளப்பும். நடு தகடு சூடாகி விரியும்போது சுத்தி இருக்குற தகடு குளிர்ச்சியா இறுக்கமா நிக்குது, விரியறதுக்கு இடம் இல்ல, அதனால மேல உப்புது. ஆறுன பிறகும் முழுசா பழைய இடத்துக்கு வராது. இதே மெஷின் 3,000 சுத்துல ஓடுச்சுன்னா ஓரத்து வேகம் 60 கிலோமீட்டருக்குள்ள. மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு, எந்த கம்பெனி எத்தனை வாட்ஸ்ங்கிறதெல்லாம் அப்புறம்.

பெரியப்பா ஒரு யோசனை சொன்னார், ஃபேன் ரெகுலேட்டர மாட்டி வேகத்த குறைன்னு. தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க. ஃபேன் ரெகுலேட்டர் தாங்குற லோடே வேற, அதுவும் போக மெஷினுக்குள்ள மோட்டர குளிர வைக்கிற விசிறி அதே தண்டுலதான் இருக்கு, வேகத்த குறைச்சா காத்தும் குறையும், லோடுல அமுக்குனா காயில் கருகிடும். வேகம் மாத்துற டயல் கம்பெனிலயே வச்சு வர்ற மெஷின்தான் வாங்கணும். நான் வாங்குனது 2,800ல இருந்து மேல போறது, ஒண்ணாம் ரெண்டாம் நம்பர்லதான் ஓட்டுறேன், மேல போறதே இல்ல.

அதுக்கு மாட்டுறது ஸ்ட்ரிப் டிஸ்க். கருப்பா, நைலான் நார பஞ்சு மாதிரி பின்னி வச்சிருப்பாங்க, தேன்கூடு கணக்கா ஓட்டை ஓட்டையா இருக்கும். பெயிண்டு, துரு, லப்பம் (பள்ளத்த நிரப்ப பூசுற பட்டி) எல்லாம் எடுக்கும், இரும்ப அவ்வளவா தின்னாது, ஓட்டை இருக்குறதால சீக்கிரம் அடைச்சுக்கவும் செய்யாது. செவ்வாய்பேட்டையில ஹார்டுவேர் கடையில கேட்டப்போ முதல்ல பாலிஷ் வீல எடுத்து குடுத்தாங்க, நார் டிஸ்க்குன்னு கைய காட்டி சொன்ன பிறகுதான் வந்துச்சு. டிஸ்க்ல அச்சடிச்சிருக்குற ஆர்பிஎம் மெஷினோடதவிட அதிகமா இருக்கான்னு பாத்து வாங்குங்க. கதவு ஓரம், பானெட் மடிப்புல விட்டா நார் பிஞ்சு பிஞ்சு போகும், ஒரு கதவுக்கு ஒரு டிஸ்க்கே போயிருச்சு எனக்கு. ஒரே இடத்துல நிக்காம கையளவு இடம் மாத்தி மாத்தி ஓட்டி, இன்னொரு கைய தகட்டுல வச்சு பாத்துக்கிட்டே இருக்கணும். கை தாங்கலன்னா டீ குடிக்க போயிடுங்க.

வயர் கப் பிரஷ் மேல எனக்கு நம்பிக்கை போச்சு. பெயிண்ட வழவழன்னு தேச்சு மினுக்குதே தவிர எடுக்கல, ஒரு கம்பி பிச்சுக்கிட்டு வந்து பேண்ட்ட தாண்டி தொடையில குத்தி நின்னுச்சு. கண்ணாடி மட்டும் பத்தாது, முகத்துக்கு முழு ஷீல்டு போடுங்க.

உரிக்கிறதுக்கு முன்னாடி காந்தம் வச்சு பாருங்க, இத யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. நான் ஏற்காடு படகு துறை கடையில வாங்குன ஃப்ரிட்ஜ் காந்தம் வச்சு பாத்தேன், படகு படம் போட்டது. கூரையில, கதவுல கப்புனு ஒட்டுச்சு. பின்னாடி இடது மட்கார்டுல வச்சா வழுக்கி கீழ விழுது. அங்க லப்பம் விரல் தடிமனுக்கு இருந்துச்சு, அதுக்கடியில ஏதோ பவுடர் டப்பா தகட்ட வெட்டி ரிவெட் அடிச்சு ஓட்டைய மூடியிருக்காங்க, அதுல பாதி ரோஜாப்பூ படம் இன்னும் கலர் போகாம இருக்கு. பெரியப்பாகிட்ட காட்டுனேன், எனக்கு தெரியவே தெரியாதுன்னுட்டார். இந்த மாதிரி தடி லப்பத்துக்கு மட்டும் சூடு காத்து அடிக்கிற ஹீட் கன், சூடு காட்டி இளக்கி பட்டி தகட்டால நெம்புனா கட்டி கட்டியா வந்துடும். சப்பையான பெரிய தகட்டுல அதையும் காட்டாதீங்க.

டிஏ சாண்டர், அதான் உப்புத்தாள் ஒட்டி சுத்திக்கிட்டே ஆடி தேய்க்கிற மெஷின், கரண்ட்ல ஓடுறது வாங்குங்க, அஞ்சு இஞ்ச், 80 நம்பர் பேப்பர். மொத்த பெயிண்டையும் இதாலயே எடுக்க பாத்தா பேப்பர் அடைச்சு அடைச்சு வெறுத்துடும், ஸ்ட்ரிப் டிஸ்க் விட்ட கோடுகள சமப்படுத்தத்தான் இது. காத்துல ஓடுற சாண்டர் விலை கம்மியேன்னு ஏமாந்துடாதீங்க, வீட்டு கம்ப்ரஸர் அதுக்கு காத்து குடுத்து மாளாது, ரெண்டு நிமிஷம் வேலை பாத்துட்டு டேங்க் நிரம்புற வரைக்கும் வேடிக்கை பாக்கணும். மணல பீச்சி அடிக்கிற சாண்ட் பிளாஸ்டிங் அடியில இருக்குற தடிச்ச இரும்புக்கு சரி, வெளித்தகட்டுக்கு வேணாம்னு மேஸ்திரியே சொல்லிட்டார், மணல் அடிக்கிற அடியிலயே தகடு வளைஞ்சுடுமாம். பெயிண்ட் ரிமூவர் பானெட் மாதிரி சப்பை இடத்துக்கு ஓகே, தடவி மேல பாலிதீன் ஷீட்டு போத்தி விட்டா தோல் மாதிரி சுருங்கி வரும், ஆனா மடிப்புக்குள்ள தங்குனா பின்னாடி புது பெயிண்ட்ட கொப்பளிக்க வைக்கும். திறந்த வெளியிலதான் பண்ணணும், நெடி தலைய சுத்தும்.

தூசிக்கு நல்ல மாஸ்க் கட்டாயம். வெள்ளைக்கு அடியில கிரீம், அதுக்கடியில ஆகாச நீலம், அப்புறம் ப்ரைமர்னு அடுக்கடுக்கா வந்துச்சு, அவ்வளவு பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். கூட்டாம ஈரத்துணியில தொடைங்க, அந்த சட்டையோட குழந்தைங்கள தூக்காதீங்க.

இப்ப வண்டிய ஏற்காட்டுலயே வச்சு பாத்த தப்புக்கு வரேன். ஐப்பசி மாசம், ரெண்டு கதவ அழகா வெள்ளியா உரிச்சு சுவத்துல சாத்தி வச்சுட்டு தூங்கிட்டேன், ராத்திரி முழுக்க பனி மூட்டம். காலைல கதவு பூரா மெல்லிசா செம்மஞ்சள், நடுவுல என் அஞ்சு விரலும் உள்ளங்கை ரேகையோட துருவா பதிஞ்சிருக்கு, கைரேகை எடுத்த மாதிரி. மறுபடி மொதல்ல இருந்து. அன்னைக்கே முடிவு பண்ணி டோ வண்டி வச்சு சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக்கு இறக்கிட்டேன். இங்கயும் ஒரு நாளைக்கு ஒரே பேனல்தான், உரிச்ச அன்னைக்கே தின்னர்ல தொடச்சு துரு ஏறாம காக்குற எபாக்ஸி ப்ரைமர் அடிச்சுடுறேன், வெறுங்கையால தொடுறதே இல்ல.

பானெட்டை மேஸ்திரி கேஸ் வச்சு புள்ளி புள்ளியா சுட்டு, ஈரத்துணி வச்சு இறுக்கி முக்காவாசி கொண்டு வந்துட்டார். ஒரு இடத்துல மட்டும் அமுத்துனா இன்னும் லேசா டொக்குங்குது, அத அப்படியே விட்டுடலாம் தம்பின்னார். டிக்கி மூடியும் வலது மட்கார்டும் பாக்கி இருக்கு, இந்த மழை விடட்டும்.